திரும்பாத பெரி

தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படித்தபோது ‘என் தந்தையின் தொழில்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னார்கள். “என் தந்தை கப்பலில் வேலை செய்கிறார்” என்று தொடங்கினேன். ஆசிரியைக்கு ஒரே மகிழ்ச்சி. வகுப்பில் பெரும்பாலோரின் தந்தையர் பிறை தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள், அல்லது லோரி ஓட்டினார்கள். கப்பல் என்றதும் என்னை எழுந்து நிற்கச் சொன்னார்.

“அப்பா எந்தெந்த நாட்டுக்கெல்லாம் போயிருக்காரு, சொல்லும்மா.”

எனக்கு வேறு வழி தெரியவில்லை. “காலையில பினாங்குக்குப் போவாரு டீச்சர். அப்புறம் பட்டர்வொர்த்துக்கு வருவாரு. அப்புறம் மறுபடியும் பினாங்குக்குப் போவாரு” என்றேன்.

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டார். பிறகு சட்டென்று முகத்தைச் சரிசெய்துகொண்டு, “அதுவும் கப்பல்தான். உட்காரு” என்றார்.

அன்று மாலை அப்பா வேலை முடிந்து வந்ததும் அழுதேன். ஏன் நீங்கள் உண்மையான கப்பலுக்குப் போகவில்லை என்று கேட்டேன். டீசல் வாடையடிக்கும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியபடியே, “உண்மையான கப்பல்னா போய்த் திரும்பணும் பாப்பா. நம்ம கப்பல் திரும்பவே திரும்பாது” என்றார். அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னைச் சமாதானப்படுத்த ஏதோ சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார்.

இந்த மலரைப் படிக்கும் முதலாம் ஆண்டு நண்பர்களில் பலர் அந்தப் பழைய பெரியில் ஏறியிருக்க மாட்டார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். நாளிதழ்களில் பயணப்படகுச் சேவை என்றெல்லாம் எழுதுவார்கள். வீட்டில் நாங்கள் பெரி என்றுதான் சொல்வோம். ஜோர்ஜ்டவுனின் வெல்ட் கீயில் ராஜா துன் ஊடா படகுத்துறை, எதிரே பெருநிலத்தில் பட்டர்வொர்த்தின் சுல்தான் அப்துல் ஹலிம் படகுத்துறை. நடுவே மூன்று கிலோமீட்டர் கடல். கடக்க இருபது நிமிடம் ஆகும். கீழ்த்தளத்தில் கார், வேன், மோட்டார் சைக்கிள் எல்லாம் நிற்கும். மேல்தளத்தில் பயணிகள் பலகை இருக்கைகளில் உட்கார்ந்திருப்பார்கள். நாலா பக்கமும் திறப்பு. காற்று அடித்தால் கையிலிருக்கும் நாளிதழ் பறந்துவிடும்.

அந்தப் பெரிக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. இரண்டு முனையும் ஒன்றுபோலவே இருக்கும். இந்த முனையால் ஏறிய கார் அந்த முனையால் இறங்கும். எந்தக் காரும் பின்னோக்கி ஓட்ட வேண்டியதில்லை. பெரியும் கடலில் வட்டமடித்துத் திரும்ப வேண்டியதில்லை. இரட்டை முனைப் படகு என்று இந்த வகையைச் சொல்லலாம். நேரம் மிச்சமாகும் என்பதுதான் இதன் பயன். குறுகிய தூரத்தை நாள் முழுக்கக் கடக்கும் படகு ஒவ்வொரு முறையும் திரும்பிக்கொண்டிருந்தால், திரும்புவதற்கே நிறைய நேரம் போய்விடும்.

அப்பா காட்ட விரும்பியது இதையல்ல. “இந்த முனையைப் பாரு” என்றார். “இது எப்பவும் பினாங்கைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கும். பட்டர்வொர்த்துக்கு வரும்போதும் முகம் அந்தப் பக்கந்தான். அந்த முனை எப்பவும் நம்ம பாகானைப் பார்க்கும். பழுதுபார்க்கக் கொண்டுபோனா ஒருவேளை மாறும். இல்லேன்னா சாகிற வரைக்கும் அப்படித்தான்.” தீவு மேற்கே இருக்கிறது. அதனால் பினாங்கு முனைக்குத்தான் தினமும் மாலை வெயில். அந்தப் பக்கத்துச் சாயம் சீக்கிரம் வெளுத்துப்போகும் என்பது அப்பாவின் கணக்கு. அது உண்மையா என்று நான் சோதித்துப் பார்த்ததில்லை.

உலகத்தில் பல ஊர்களில் இவ்வகைப் படகுகள் ஓடுகின்றன என்பது எனக்குப் பல்கலைக்கழக நூலகத்தில்தான் தெரிய வந்தது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் படகுகள், ஹாங்காங்கின் ஸ்டார் பெரி எல்லாம் நம் பெரிக்கு உறவுமுறைதான். அமெரிக்காவின் சியாட்டல் பக்கம் 1997 முதல் 1999 வரை வந்த மூன்று இரட்டை முனைப் பெரிகள் ஒவ்வொன்றும் 2,500 பயணிகளையும் 200க்கும் மேற்பட்ட வாகனங்களையும் ஏற்றும். நீளம் 140 மீட்டர். 2007இல் கனடாவின் மேற்குக் கரைக்கு ஜெர்மனியில் கட்டிய பெரிகள் அதைவிடவும் நீளம், 160 மீட்டர். படங்களைக் கைப்பேசியில் அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இவ்ளோ பெருசுக்கு எத்தனை பேரு கயிறு பிடிப்பாங்க?” என்பதுதான் அவருடைய ஒரே கேள்வி.

கயிறு, சங்கிலி, கார்கள். அப்பாவின் வேலை அவ்வளவுதான். பெரி கரையைத் தொடும்போது கயிறு போட வேண்டும். நீர்மட்டத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் பாலம் சரியாக உட்கார்ந்ததா என்று பார்த்து, முனையில் கட்டிய சங்கிலியைக் கழற்ற வேண்டும். பிறகு கையசைத்துக் கார்களை இறக்கி, மறுபடி கையசைத்து ஏற்ற வேண்டும். கனத்த வாகனங்களை ஒரே பக்கம் நிறுத்திவிடக்கூடாது, பெரி சாயும். அப்பா கையால் பேசுவார். உள்ளங்கை மேலே என்றால் வா. விரல்கள் மட்டும் ஆடினால் இன்னும் கொஞ்சம். முஷ்டி என்றால் நிறுத்து. வீட்டிலும் இதே பழக்கம்தான். சோறு பரிமாறும்போது அம்மாவுக்கு முஷ்டியைக் காட்டுவார்.

படிவம் நான்கில் எனக்குக் கணிதத்தில் ஆர்வம் பிறந்தபோது ஒரு கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்குப் பதினாறு முறை கடந்தால் 48 கிலோமீட்டர். ஆண்டுக்கு 280 வேலை நாள். 1990இலிருந்து முப்பது ஆண்டு என்று வைத்துக்கொண்டால் நான்கு லட்சத்து மூவாயிரம் கிலோமீட்டர் வரும். பூமியைப் பத்து முறை சுற்றிய தூரம்! டீச்சர் கேட்ட கேள்விக்கு ஏழு ஆண்டு கழித்துப் பதில் கிடைத்துவிட்டது என்று அப்பாவிடம் ஓடினேன். “பத்து தடவையா?” என்றார். “ஆனா ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துட்டேன்ல?” அவருடைய தாத்தா ரஜுலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு வந்தவர். ஒரே ஒரு முறை கடல் கடந்தார். திரும்பிப் போகவே இல்லை. அதைச் சொல்லித்தான் அப்பா முடிப்பார்.

பெரியின் வரலாறு நம் வரலாற்றோடு ஒட்டியே வருகிறது. 1894இல் குவா பெங் கீ என்ற சீன வணிகர் முறையான படகுச் சேவையைத் தொடங்கினார். நாம் தைப்பூசத்தில் வணங்கும் நகரத்தார் வெள்ளி ரதம் காரைக்குடியிலிருந்து பினாங்குக்கு வந்ததும் அதே 1894இல்தான். இரண்டும் ஒரே ஆண்டு என்று தெரிந்த நாளில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தக் காலம் தொட்டுப் பெருநிலத்துத் தோட்டங்களிலிருந்து எத்தனை ஆயிரம் பேர் ரதத்தைப் பார்க்கப் பெரியேறி வந்திருப்பார்கள்! 1920களில் துறைமுக வாரியம் சேவையை ஏற்றது. வாகனம் ஏற்றும் பெரியும் அப்போதுதான் வந்தது. வெல்ட் கீ பக்கம் போனால் மணிக்கூண்டோடு நிற்கும் சுங்கத்துறைக் கட்டடத்தைப் பாருங்கள். அது ஒரு காலத்தில் இரயில்வே கட்டடம். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு இரயில் எதுவும் வந்ததில்லை. அங்கே பயணச்சீட்டு வாங்கிக்கொண்டு படகேறிப் பெருநிலத்துக்குப் போய்த்தான் இரயிலைப் பிடிப்பார்களாம்.

பெரிகளின் பெயர்களும் எனக்குப் பிடித்தவை. எல்லாம் தீவுகளின் பெயர்கள்: பூலாவ் ரீமாவ், பூலாவ் உண்டான், பூலாவ் அங்சா, பூலாவ் காப்பாஸ், பூலாவ் பாயார், பூலாவ் தாலாங்-தாலாங். அங்சா என்பது வேறொன்றுமில்லை, வடமொழி ஹம்சம்தான், நம் அன்னம். கப்பல் என்ற நம் சொல்தான் மலாயில் காப்பால் ஆயிற்று. தமிழ்க் கழகத்தில் இருப்பதால் இதையெல்லாம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அந்தப் பழைய பெரியின் கட்டணத்தில் ஒரு விசித்திரம் இருந்தது. பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குப் போகத்தான் காசு வாங்கினார்கள். பின்னாளில் ஆளுக்கு ஒரு வெள்ளி இருபது காசு, காருக்கு ஏழு வெள்ளி எழுபது காசு என்று இருந்தது. பினாங்கிலிருந்து வருவதற்குக் காசே வாங்கவில்லை. தீவுக்குப் போனவன் எப்படியும் வந்துதானே ஆகவேண்டும் என்ற கணக்கு.

இவ்வளவு பெருமையாக நான் எழுதும் பெரியில் என் அத்தை முப்பத்திரண்டு ஆண்டுகள் ஏறவில்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. திருமணமாகி ஜெலுத்தோங் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். நாங்கள் பாகானில். பெரியில் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வீட்டு வாசலுக்கு வந்துவிடலாம். அத்தையோ மாமாவின் மோட்டார் சைக்கிளில் பாலத்தைச் சுற்றித்தான் வருவார். மழை பெய்தால் நனைந்துகொண்டே வருவார். வந்து ஈரத் தலையைத் துவட்டும்போது யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். “அத்தைக்குத் தண்ணின்னா பயம்” என்று அம்மா எங்களிடம் சொல்லி வைத்திருந்தார். நாங்களும் நம்பினோம். ஆனால் பத்து பிரிங்கியில் குடும்பத்தோடு குளிக்கப் போகும்போதெல்லாம் கழுத்தளவு கடலில் நிற்பவர் அத்தைதான். இந்த முரண்பாடு எனக்குப் பல ஆண்டுகள் உறைக்கவே இல்லை.

1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. புக்கிட் மெர்தாஜம் புனித அன்னம்மாள் ஆலயத்தில் திருவிழா. அதே நேரத்தில் பினாங்கில் சீனர்களின் குவான் யின் தெய்வத்துக்குப் பெருவிழா. இரண்டு கூட்டமும் சேர்ந்து பட்டர்வொர்த் படகுத்துறையில் நெருக்கியடித்தது. மாலையில், பயணிகள் பெரிக்காகக் காத்திருந்த மேல்தளம் இடிந்து விழுந்தது. 32 பேர் இறந்தார்கள். 1,600க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். நாட்டின் பெரிய விபத்துகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தத் தேதி வரும்.

அத்தைக்கு அப்போது இருபது வயது. தோழியோடு பினாங்கு விழாவைப் பார்க்கக் கிளம்பியிருந்தார். கையில் காகிதத்தில் சுருட்டிய கச்சாங் பூத்தே. அவர் நினைவில் இருப்பது மிகக் கொஞ்சம். கூட்டம் நெருக்கியது, கடலை கொட்டிவிடக்கூடாதே என்று கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தது, காலுக்கடியில் தரை இல்லாமல் போனது. “விழுந்தப்ப சத்தமே கேக்கல புள்ள. அப்புறமாத்தான் கேட்டுச்சு.” யாரோ இருவர் தூக்கினார்கள். ஒருவர் மலாய்க்காரர், ஒருவர் சீனர், முகம் நினைவில்லை. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. தோழிக்குக் கையில் மட்டும் அடி. அத்தை இன்றைக்கும் மாடிப்படி ஏறும்போது வலது காலை முதலில் வைத்துத்தான் ஏறுவார்.

இதையெல்லாம் அவர் என்னிடம் சொன்னது 2019இல், பாட்டியின் திதிக்கு வந்திருந்தபோது. சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டு, கேட்காமலேயே சொன்னார். கேட்டு முடித்ததும், “அப்ப தண்ணிக்குப் பயம் இல்லையா அத்தை?” என்றேன் முட்டாள்தனமாக. “தண்ணி என்னை என்னா பண்ணுச்சு?” என்றார். “தண்ணியில விழுந்திருந்தா நீச்சலடிச்சிருப்பேன். அந்த மேல் மாடியில போய் நின்னு காத்துக்கிட்டு இருக்கணுமே, அதுதான் முடியாது.”

மோட்டார் சைக்கிளோடு கீழ்த்தளத்தில் போயிருக்கலாமே என்று கேட்டேன். அந்தப் பேச்சை எடுத்தாலே அந்நாட்களில் அவருக்குக் கை நடுங்குமாம். மாமாவும் ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு கேட்பதை விட்டுவிட்டாராம்.

இப்படிப்பட்ட தங்கையின் அண்ணன் விபத்து நடந்து இரண்டே ஆண்டில், அதே படகுத்துறையில் வேலைக்குச் சேர்ந்தார். வீட்டில் அது பெரிய சண்டை. “என் காலை ஒடைச்ச இடத்துல போய்ச் சம்பளம் வாங்கப் போறியா அண்ணே?” என்று அத்தை கேட்டாராம். அப்பா பதில் சொல்லவில்லை. ஏன் அங்கே சேர்ந்தீர்கள் என்று நானும் ஒருமுறை கேட்டேன். கதைகளில் வருவதுபோல் ஆழமான காரணம் ஒன்றை எதிர்பார்த்தேன். “வேலை கிடைச்சது. மாசாமாசம் சம்பளம். பாட்டிக்கு மருந்து வாங்கணும்” என்றார். அவ்வளவுதான். அண்ணனும் தங்கையும் பேசாமல் இருந்ததில்லை. தீபாவளி, பொங்கல், காதுகுத்து எல்லாவற்றுக்கும் வருவார்கள், சிரிப்பார்கள். ஆனால் அத்தை ஒருநாளும் ‘பெரி’ என்ற சொல்லைச் சொன்னதில்லை. “அண்ணன் வேலைக்குப் போயிருக்காரா?” என்பார். எங்கே என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது. அப்பாவும் தங்கை இருக்கும்போது வேலைக்கதை எதுவும் பேச மாட்டார். முப்பது ஆண்டு இப்படியே போயிற்று. அந்த வாக்கியத்தைக் கேட்டே வளர்ந்த எனக்கு, வகுப்பில் அன்று ‘பெரி’ என்று எழுதாமல் ‘கப்பல்’ என்று ஏன் எழுதினேன் என்பது இப்போது ஓரளவு புரிகிறது.

பெரிக்கு முதல் அடி 1985இல் வந்தது. பதின்மூன்றரை கிலோமீட்டர் நீளப் பினாங்குப் பாலம் அந்த ஆண்டு திறக்கப்பட்டது. அதற்கு முன் தீவுக்குக் கார் போகவேண்டுமென்றால் பெரிதான். 2014இல் இரண்டாவது பாலமும் வந்தது. பெரிகளுக்கு வயதாயிற்று. ஒன்று பழுதானால் அடுத்தது வரும்வரை கார்கள் வரிசையில் காயும். 2017இல் சேவை பிரசாரானாவின் கைக்குப் போய் ‘ரேப்பிட் பெரி’ ஆனது. 2021 ஜனவரி முதல் நாள் மறுபடி பினாங்குத் துறைமுக நிறுவனத்திடம் வந்தது. அந்த மாற்றத்தோடு பயணிகளுக்கு விரைவுப்படகு என்றும், பெரியில் இனி மோட்டார் சைக்கிளும் சைக்கிளும் மட்டும்தான் என்றும் அறிவித்தார்கள். கார் கிடையாது. அப்பாவும் 2020 டிசம்பரோடு ஓய்வு பெறுவதாக இருந்தது.

அந்த டிசம்பரில் ஊரே முகக்கவசம் போட்டிருந்தது. கடைசியாக ஒருமுறை பெரியில் போகவேண்டும் என்று மக்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்துகொண்டிருந்தார்கள். நாங்களும் போகலாம் என்று அண்ணன் சொன்னான். அத்தையைக் கூப்பிடும் யோசனையும் அவனுடையதுதான். நான் வேண்டாம் என்றேன். அவன் கேட்கவில்லை, தொலைபேசியில் கேட்டேவிட்டான். மறுமுனையில் கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“கார்ல போனா மேல ஏற வேண்டியதில்லையா?”

“வேண்டாம் அத்தை. கார் நேரா உள்ள போயிரும். நீங்க எறங்கவே வேணாம்.”

“சரி. அண்ணன்கிட்ட சொல்லாத.”

அண்ணன் சொல்லிவிட்டான். அவனால் எதையும் வயிற்றில் வைத்திருக்க முடியாது.

எங்கள் பழைய புரோட்டோன் சாகாவில் பாலத்தின் வழியாக ஜெலுத்தோங் போய் அத்தையை ஏற்றிக்கொண்டு வெல்ட் கீக்கு வந்தோம். மாமா வரவில்லை. வரிசை நீளம். அத்தை பின்னிருக்கையில் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பேச்சு வேண்டுமே என்று, “இந்தப் பக்கமிருந்து போறதுக்குக் காசு இல்ல அத்தை, தெரியுமா?” என்றேன். “நான்தான் எண்பத்தெட்டுலயே கட்டிட்டேனே” என்றார். அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டேன்.

எங்கள் முறை வந்தது. பாலத்தின் இரும்புத் தகட்டில் சக்கரம் ஏறும் அந்தத் ‘தடதட’ சத்தம். உள்ளே ஒளிரும் மேலங்கி போட்டுக்கொண்டு அப்பா நின்றிருந்தார். உள்ளங்கை மேலே: வா. வா. விரல்கள்: இன்னும் கொஞ்சம். முஷ்டி. கார் நின்றது. அண்ணன் பக்கத்துக் கண்ணாடியைத் தட்டி, “ஹேண்ட்பிரேக் போடு” என்றார். எல்லா ஓட்டுநர்களுக்கும் சொல்வதைப்போலவே சொன்னார். பின்னிருக்கையைப் பார்க்கவில்லை. அடுத்த காருக்குப் போய்விட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அவருடைய கை மட்டும் அன்று கொஞ்சம் வேகமாக அசைந்ததுபோல் தோன்றியது.

பெரி நகர்ந்தது. இயந்திரத்தின் அதிர்வு கார் இருக்கை வழியாக முதுகில் ஏறும். ஐந்து நிமிடம் இருக்கும். அத்தை கதவைத் திறந்தார். இறங்கினார். கார்களுக்கிடையே இருந்த குறுகிய இடைவெளியில், வலது காலை முன்வைத்து வைத்து, சங்கிலி கட்டிய முனைவரைக்கும் நடந்துபோனார். அப்பா அங்கேதான் நின்றிருந்தார். நான் பின்னாலேயே போனேன், ஆனால் இரண்டு கார் தள்ளி நின்றுவிட்டேன்.

வெகுநேரம் இருவரும் பேசவில்லை. எதிரே பட்டர்வொர்த் பெரிதாகிக்கொண்டே வந்தது. பிறகு அத்தை கேட்டார்: “இதுல எதுண்ணே முன்பக்கம்?”

“போற பக்கம் முன்பக்கம்” என்றார் அப்பா. பள்ளிக்கூடக் குழந்தைகள் முதல் வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகள் வரை அவர் முப்பது ஆண்டாகச் சொல்லிவரும் பதில் அது.

படகுத்துறை நெருங்கியதும், “கார்ல போய் உக்காரு பாப்பா. கயிறு போடணும்” என்றார். அவர் பாப்பா என்றது என்னையல்ல. ஐம்பத்திரண்டு வயது அத்தை ஒன்றும் சொல்லாமல் வந்து காரில் உட்கார்ந்தார். பெரி மரத்தூண்களில் உரசி, ஒருமுறை இடித்து நின்றது. நாங்கள் இறங்கிப் படகுத்துறையைக் கடந்து வெளியே வரும்வரை அத்தை காரின் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிரவு எங்கள் வீட்டில் சாப்பிட்டார். அப்பா வேலை முடிந்து வந்து, சட்டையை ஆணியில் மாட்டியதும், அத்தை ரசத்தை ஊற்றியபடி, “இன்னைக்கு உங்க பெரியில ரொம்பக் கூட்டம்ண்ணே” என்றார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். அப்பா முஷ்டியைக் காட்ட மறந்துவிட்டார். தட்டில் ரசம் வழிந்தது.

நான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது அந்தப் பெரி இல்லை. பாலத்தின் காலடியில் இருக்கும் நம் வளாகத்துக்குப் பேருந்தில்தான் வந்தேன். 2023 ஆகஸ்ட் 7இல் புதிய பெரிகள் நான்கு ஓடத் தொடங்கின. இவற்றுக்கு வளைகுடாக்களின் பெயர்கள்: தெலுக் பஹாங், தெலுக் டூயோங், தெலுக் கும்பார், தெலுக் கம்பி. ஒவ்வொன்றிலும் 250 பயணிகளும் 50 மோட்டார் சைக்கிள்களும் போகலாம். காருக்கு இடமில்லை. இரட்டை உடல் கொண்ட கட்டமைப்பு. இதற்கு உலகம் முழுவதும் வழங்கும் பெயர் கட்டமரான். நம் கட்டுமரம் போன சுற்று அது. முதல் மாதம் கட்டணம் இல்லை என்று அப்பாவை அழைத்துப்போனேன். இருக்கையில் உட்கார்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். கரை நெருங்கியதும் சட்டென்று எழுந்துவிட்டார். பணியாளர் இளைஞர் ஒருவர், “பாக்சிக், டுடோக் டுலு” என்றார். “ஓ, ஆமாம்” என்று தமிழிலேயே சொல்லி உட்கார்ந்தார்.

அன்று மாலை அத்தைக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். நன்றாக இருக்கிறது, வேகமாக இருக்கிறது, ஒருநாள் வாருங்கள் என்றேன். மாமா கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மோட்டார் சைக்கிள் ஓட்டுவதில்லை. அத்தைக்குப் பேருந்துதான் கதி. பொறுமையாகக் கேட்டார்.

“காரு போகாதா?”

“போகாது அத்தை.”

“அப்ப நடந்துபோய், அங்க நின்னுக் காத்துக்கிட்டு இருந்துதான் ஏறணும்?”

“ஆமா. ஆனா எல்லாம் புதுசா கட்டியிருக்காங்க.”

“சரி சரி” என்றார். “தீபாவளிக்கு முறுக்கு எத்தனை டின்னு வேணும்னு அம்மாவைக் கேட்டுச் சொல்லு. பஸ்ல தூக்கிட்டு வரணும்.”